புழுதி விதைப்பு நெல்லைக் கணினியில் வளர்த்துப் பார்ப்பது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு

ராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதி, முதுகுளத்தூர் பக்கம் ஆவணிக் கடைசியில் போனால், காய்ந்த மண்ணில் நெல் விதைப்பதைப் பார்க்கலாம். நாற்றங்கால் கிடையாது, சேற்றில் உழும் தொழி உழவு கிடையாது. புழுதியில் விதையை வீசி, ஓர் உழவு ஓட்டி மூடிவிட்டு, வானத்தைப் பார்த்துக் காத்திருப்பார்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதற்கு முன்பே, புரட்டாசியில் விழும் இடிமழையில் விதை முளைக்க வேண்டும், முளைத்தது பருவமழை வரும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும், தை மாதம் கதிர் களத்துக்கு வர வேண்டும். கண்மாய்ப் பாசனம் எட்டும் வயல்களுக்குக் கார்த்திகைக்குப் பிறகு கொஞ்சம் தண்ணீர் கிடைக்கும். எட்டாதவை கடைசிவரை வானம் பார்த்த பூமிதான்.

இந்த விவசாயியின் கேள்வி மிகவும் குறுகலானது. மழைக்கு முன்பே விதைக்கலாமா, மழை பெய்தபின் விதைக்கலாமா? நூறு நாள் ரகம் போதுமா, கூடுதல் வயது ரகம் தாங்குமா? வயலில் சோதித்து விடை காண முப்பது வருடம் வேண்டும். பயிர் மாதிரி என்னும் கணினி நிரல், கடந்த முப்பது வருட மழையையும் வெயிலையும் அதே மண்ணில் அதே ரகத்தின்மேல் ஓட்டிக் காட்டும். மேட்டுநில நெல் விளையும் எந்த ஊருக்கும், ஜார்க்கண்டின் ஹஜாரிபாக் மேடுகளானாலும் லாவோஸ் மலைச்சரிவானாலும், இந்த முறை பொருந்தும். நான் எனக்குத் தெரிந்த கரிசல் காட்டை வைத்தே சொல்கிறேன்.

கேள்வியை முதலில் எழுதி வையுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் மென்பொருளை இறக்கிவிட்டுக் கேள்வியைத் தேடுகிறார்கள். அதை மாற்றுங்கள். ஒரு தாளில் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: "நூறு நாள் ரகத்தை செப்டம்பர் 10, 20, 30, அக்டோபர் 10 ஆகிய நான்கு தேதிகளில் புழுதியில் விதைத்தால், எந்தத் தேதியில் பயிர் கெட்டுப்போகும் வருடங்கள் குறைவு?" இவ்வளவு போதும். இந்த வாக்கியத்தில் இல்லாத எதற்கும் தரவு தேடி அலைய வேண்டாம்.

"இந்த வருடம் என் வயலில் எத்தனை மூட்டை விளையும்?" என்ற கேள்வியோடு மட்டும் தொடங்காதீர்கள். மாதிரிகள் அதில் சுமார்தான். இரண்டு முடிவுகளை ஒப்பிடுவதில் அவை நன்றாக உதவும். தமிழ்நாட்டில் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி ஒரு நில உடைமையின் சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அந்த அளவு நிலத்தில் வரப்புக்கு வரப்பு மண் மாறும், மேடு பள்ளம் மாறும். ஒற்றை எண்ணைச் சொல்லி ஒருவரைக் கடன் வாங்க வைக்கும் உரிமை நமக்கு இல்லை.

எந்த மாதிரி?

நான்கு பெயர்கள் அடிக்கடி காதில் விழும். டிசாட் என்பது 1980-களில் அமெரிக்க உதவியோடு நடந்த பன்னாட்டுத் திட்டத்தில் பிறந்த தொகுப்பு. அதிலுள்ள நெல் மாதிரி செரஸ்-ரைஸ். ஒரைசா, பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையமும் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகமும் நெல்லுக்கென்றே உருவாக்கியது. ஆப்சிம் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. ஒரைசாவின் நெல் கணக்கையே உள்ளே எடுத்துக்கொண்டு, நெல்லுக்குப் பின் பருத்தி, மிளகாய், உளுந்து என்று பயிர்ச்சுழற்சியைத் தொடர்ந்து ஓட்ட ஏற்றது. அக்வாகிராப், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2009-இல் வெளியிட்ட எளிய மாதிரி.

உங்களிடம் மழைக் கணக்கும் அறுவடைக் கணக்கும் தவிர வேறெதுவும் இல்லையென்றால் அக்வாகிராப்பில் தொடங்குங்கள். களை எவ்வளவு மூடியிருக்கிறது என்பதைக் கொடுத்துக் கணக்குப் பார்க்க அதில் வழியுண்டு, உப்பு மண்ணையும் கையாளும். ரகமும் உரமும் உங்கள் கேள்வியில் இருந்தால் டிசாட். பதிவு செய்தால் இலவசமாகக் கிடைக்கும். பயிற்சிக் குறிப்புகள் ஏராளம், இந்திய ஆய்வுகள் நிறைய அதில் நடந்திருப்பதால் சந்தேகம் கேட்க ஆள் கிடைக்கும். தொடக்கக்காரருக்கு என் தேர்வு டிசாட்தான். இனிச் சொல்வதும் அதை மனத்தில் வைத்தே.

வானிலை: இங்கேதான் பாதி வேலை

மாதிரிக்கு ஒவ்வொரு நாளும் நான்கு எண்கள் வேண்டும்: அதிகபட்ச வெப்பநிலை, குறைந்தபட்ச வெப்பநிலை, மழை, சூரியக் கதிர்வீச்சு. முப்பது வருடத்துக்கு வேண்டும். ஏறக்குறைய 11,000 வரிகள்.

வெப்பநிலையையும் கதிர்வீச்சையும் நாசா பவர் தளத்திலிருந்து இலவசமாக இறக்கலாம். உங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் போதும். விடுபட்ட நாட்களில் அங்கே -999 என்று இருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டால் மாதிரி தடுமாறும், ஆகவே முதலில் அதைத் தேடித் திருத்துங்கள். கதிர்வீச்சு ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் இத்தனை மெகாஜூல் என்ற அலகில் இருக்க வேண்டும். நம் ஊரில் அடைமழை நாளில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும், நல்ல வெயில் நாளில் 20-ஐத் தாண்டும். 200, 250 என்று நின்றால் அலகு தவறு.

மழையை மட்டும் அந்தத் தளத்திலிருந்து எடுக்காதீர்கள். அதன் ஒரு கட்டம் ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் அகலம். கமுதியில் கொட்டும்போது அபிராமத்தில் தூறல்கூட இல்லாமல் போகும் பூமி இது. பெரிய கட்டத்தின் சராசரி மழையில் சிறு தூறல் நாட்கள் கூடிவிடும், பெருமழை நாட்கள் மழுங்கிவிடும். மழைக்கு வட்டார மழைமானிப் பதிவைத் தேடுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தானியங்கி வானிலை நிலையங்கள் வட்டார அளவில் இருக்கின்றன. பழைய வருடங்களுக்கு இந்திய வானிலைத் துறையின் 0.25 பாகைக் கட்ட மழைத் தொகுப்பு இருக்கிறது.

நாள் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கணக்கில் காட்டுகிறேன். மழை விழுந்ததும் எவ்வளவு ஓடிப்போகும், எவ்வளவு மண்ணுக்குள் இறங்கும் என்பதை மாதிரி ஒரு வளைகோட்டு எண்ணை (எண் கூடினால் ஓடும் நீரும் கூடும்) வைத்துக் கணக்கிடும். அந்த எண் 80 என்று வைத்துக்கொள்வோம். அந்த நிலத்தில் மழையின் முதல் 12.7 மில்லிமீட்டர்வரை ஒரு சொட்டும் ஓடாது. ஒரே நாளில் 60 மில்லிமீட்டர் பெய்தால், சுமார் 20 மில்லிமீட்டர் ஓடிவிடும், 40 மட்டுமே மண்ணுக்கு. அதே 60-ஐ ஆறு நாளுக்குப் பத்துப் பத்தாகப் பிரித்துக் கொடுத்தால் ஓடுவது பூஜ்ஜியம். மாத மழையை நாட்களால் வகுத்துப் போடும் பழக்கம் உள்ளவர்கள் இதை ஒருமுறை கையால் போட்டுப் பார்க்க வேண்டும். மாத மொத்தம் ஒன்றேதான், பயிருக்குக் கிடைத்த தண்ணீர் வேறு.

இன்னொரு சின்ன விஷயம். மழைமானியைக் காலை 8.30 மணிக்குப் பார்த்து எழுதுவார்கள். 12-ஆம் தேதிக்கு எதிரே இருக்கும் மழையில் பெரும்பகுதி 11-ஆம் தேதி மாலையோ இரவோ விழுந்தது. விவசாயியின் நினைவும் பதிவேடும் ஒருநாள் முன்பின் இருப்பது இதனால்தான். யாரும் தப்பாகச் சொல்லவில்லை.

மண்: குழி தோண்டாமல் முடியாது

மண்வள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு "மண் தரவு இருக்கிறது" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த அட்டையில் பன்னிரண்டு விவரங்கள் இருக்கும்: கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம், தழை, மணி, சாம்பல், கந்தகம், பிறகு ஐந்து நுண்சத்துகள். மாதிரிக்குக் கரிமமும் கார அமில நிலையும் உதவும். ஆனால் மானாவாரி நெல்லின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் இரண்டும், மண்ணின் ஆழமும் அது பிடித்துவைக்கும் நீரும், அட்டையில் இல்லை.

மண் பிடிக்கும் நீருக்கு இரண்டு எல்லைகள் உண்டு. நன்றாக நனைந்து, வடிய வேண்டியது வடிந்தபின் தங்கி நிற்பது மேல் எல்லை. பயிர் எவ்வளவு உறிஞ்சினாலும் இதற்குமேல் எடுக்க முடியாது என்பது கீழ் எல்லை, வாடல் நிலை. நடுவில் இருப்பதுதான் பயிரின் சேமிப்பு. கரிசல் களிமண்ணுக்கு மேல் எல்லை 42 சதவீதம், கீழ் எல்லை 30 சதவீதம் என்று கொண்டால் சேமிப்பு 12 சதவீதம். வேர் 40 சென்டிமீட்டர் போனால் 48 மில்லிமீட்டர் தண்ணீர். மணல் கலந்த செவலுக்கு 18-உம் 8-உம் என்று கொண்டால் சேமிப்பு 10 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஆனால் அந்தச் செவலில் 25 சென்டிமீட்டரில் சரளை தட்டினால் சேமிப்பு 25 மில்லிமீட்டர்தான். நாளுக்கு 5 மில்லிமீட்டர் செலவானால் கரிசல் ஒன்பது நாள் ஓட்டும், செவல் ஐந்தே நாளில் காலி. நெல் அதற்கு வெகு முன்பே சுருண்டுவிடும். மண்ணின் வகையைவிட ஆழம் எப்படி ஆட்டிப்படைக்கிறது என்று பாருங்கள்.

ஆகவே கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு போங்கள். வயலின் மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என இரண்டு குழி, முட்டளவு ஆழம். வேர் எதுவரை போயிருக்கிறது, இறுகிய அடுக்கு எங்கே தட்டுகிறது என்று பதினைந்து சென்டிமீட்டருக்கு ஒருமுறை குறியுங்கள். நல்ல மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்து (கரிசலில் இன்னும் கொஞ்சம் பொறுத்து) ஒவ்வொரு அடுக்கிலும் மண் எடுத்து, உடனே எடை போட்டு, 105 பாகை செல்சியஸ் அடுப்பில் 24 மணி நேரம் உலர்த்தி மறுபடி எடை போடுங்கள். ஈரமாக 100 கிராம், உலர்ந்தபின் 78 கிராம் என்றால், இழந்த நீர் 22. அதை 78-ஆல் வகுத்தால் 0.28. மண்ணின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.35 கிராம் என்றால் இரண்டையும் பெருக்க 0.38. அதுதான் அந்த அடுக்கின் மேல் எல்லை. இப்படி உங்கள் கையால் அளந்த ஒரே எண்ணுக்கு, உலக மண் வரைபடத்திலிருந்து இறக்கிய நூறு எண்களைவிட மதிப்பு அதிகம். வரைபட எண்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆழ அடுக்குகளுக்கு வேறு வழியில்லாதபோது அவைதான் கை கொடுக்கும்.

கரிசலுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. கோடையில் அது பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், கையை முழங்கைவரை விடலாம். முதல் மழையில் பெரும்பகுதி அந்த வெடிப்புக்குள் இறங்கிவிடும். நான் மேலே சொன்ன எளிய கணக்குக்கு வெடிப்பு என்ற ஒன்றே தெரியாது. அது மழையை ஓடவிட்டுவிடும். பருவத்தின் முதல் ஒன்றிரண்டு மழைக்குப் பிறகு மாதிரி காட்டும் ஈரத்தையும் வயலில் இருக்கும் ஈரத்தையும் ஒப்பிட்டு, வேண்டுமானால் அந்த வளைகோட்டு எண்ணைக் குறைத்துப் பாருங்கள்.

பயிரின் பிறந்த நாள்

இதை நான் ஒரு பெரியவரிடம் கற்றேன். கமுதிப் பக்கம் ஒரு களத்துமேட்டில் உட்கார்ந்து, ஐந்தாறு வருட விதைப்புத் தேதிகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, வெதச்ச தேதிய எதுக்குக் கேக்குற? வெத மண்ணுக்குள்ள சும்மா கெடக்கும். மழை விழுந்து நனைஞ்ச அன்னைக்குத்தான பயிருக்குப் பொறந்த நாளு."

நான் அதுவரை எழுதியிருந்த தேதிகளை வைத்து மாதிரியை ஓட்டியிருந்தால் பூக்கும் நாளெல்லாம் இரண்டு மூன்று வாரம் பிசகியிருக்கும். அப்புறம் அந்தப் பிசகைச் சரிக்கட்ட ரகத்தின் குணத்தைத் திருகியிருப்பேன். புழுதி விதைப்பில் எப்போதும் மூன்று தேதிகள் கேளுங்கள்: விதைத்த நாள், நனைத்த மழை விழுந்த நாள், பச்சை தெரிந்த நாள். மாதிரியில் விதைப்பு முறையாக நேரடி உலர் விதைப்பைத் தேர்ந்தெடுத்து ஆழத்தைக் கொடுங்கள். மேல் மண்ணில் ஈரம் சேர்ந்தபின்தான் அது முளைக்கிறதா என்று பாருங்கள். அது காட்டும் முளைப்பு நாளும் விவசாயி சொன்ன பச்சை தெரிந்த நாளும் ஒத்துப்போனால், மழையும் மேல் மண்ணும் சரியாக அமைந்திருக்கின்றன என்று நம்பலாம்.

முளைத்தபின் இரண்டு வாரம் மழை பொய்த்தால் பயிர் கருகிவிடும். சிலர் மறுபடி விதைப்பார்கள். மாதிரி இந்தச் சாவைச் சில வருடங்களில் காட்டாமல், நோஞ்சான் பயிராக உயிரோடு வைத்திருக்கும். அதனால் நான் தனியாக ஒரு விதி வைத்திருக்கிறேன்: முளைத்து இருபது நாளுக்குள் மேல் 15 சென்டிமீட்டர் மண் தொடர்ந்து பத்து நாள் வாடல் நிலையில் இருந்தால், அந்த வருடம் "முளைப்பு போனது" என்று எண்ணுவேன். இந்தப் பத்து நாள் என்பது எங்கள் பக்கத்து விவசாயிகளிடம் கேட்டு நான் வைத்துக்கொண்டது. உங்கள் ஊரில் கேட்டு உங்கள் எண்ணை வையுங்கள்.

ரகம்

செரஸ்-ரைஸ் மாதிரியில் ஒரு ரகத்தின் குணத்தைச் சில குணகங்களில் அடக்கியிருப்பார்கள். நான்கு குணகங்கள் காலத்தைச் சொல்லும், மற்றவை மணிகளின் எண்ணிக்கை, எடை, தூர், வெப்பம் தாங்கும் திறன் ஆகியவற்றைச் சொல்லும். காலத்தை நாட்களில் கொடுப்பதில்லை, வெப்ப நாட்களில் கொடுப்பார்கள். நெல்லுக்கு அடிப்படை 9 பாகை. ஒரு நாள் அதிகபட்சம் 33, குறைந்தபட்சம் 25 என்றால் சராசரி 29, அதில் 9 போக அன்றைய கணக்கு 20. முதல் குணகம் முளைத்தபின் வரும் முதல் வளர்ச்சிக் கட்டத்தைச் சொல்லும். அது 500 என்றால், இப்படிப்பட்ட 25 நாளில் அந்தக் கட்டம் முடியும். பகல் நீளம் குறித்த இரண்டு குணகங்கள் பழைய ரகங்களுக்கு மிக முக்கியம். அவற்றில் பல, பகல் சுருங்கினால்தான் கதிருக்குத் தயாராகும்.

பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் 2009-இல் வெளியிட்ட அண்ணா (ஆர்) 4, 100 முதல் 105 நாள் வயது, வறட்சி தாங்கும். முதல் முயற்சிக்கு இதைப்போல ஒரு ரகத்தை எடுங்கள், வயதும் குணமும் நன்கு தெரிந்தது. நூற்றிப்பத்து, நொருங்கன், குருவைக் களஞ்சியம் போன்ற நாட்டு ரகங்களுக்கு ஆயத்தக் குணகங்களை மென்பொருளுக்குள் தேட வேண்டாம். அவற்றை நீங்களேதான் வயலில் பார்த்து அமைக்க வேண்டும்.

அமைக்கும் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் பூக்கும் நாள், அடுத்து முற்றும் நாள். இரண்டும் மூன்று நாள் வித்தியாசத்துக்குள் வந்தபிறகுதான் விளைச்சல் குணகங்களைத் தொட வேண்டும். பூக்கும் நாள் பத்து நாள் பிசகியிருக்கும்போது விளைச்சல் சரியாக வந்தால் அது தற்செயல், அடுத்த வருட மழையில் உடைந்துவிடும். குணகங்களை அமைக்க இரண்டு வருடத் தரவைப் பயன்படுத்தினால், தொடாத வேறொரு வருடத்தில் சோதியுங்கள். விளைச்சலில் வரும் பிழை சராசரி விளைச்சலில் 20 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்பார்கள். மானாவாரிச் சிறு வயலுக்கு 30 சதவீதம்வரை நான் ஏற்றுக்கொள்வேன், பூக்கும் நாள் சரியாக இருக்கும்வரை.

வயலில் செய்வதை மாதிரிக்குச் சொல்வது

விதை அளவைக் கொடுக்காதீர்கள், நின்ற பயிரின் எண்ணிக்கையைக் கொடுங்கள். அரை மீட்டருக்கு அரை மீட்டர் சட்டம் ஒன்றைக் கம்பியில் வளைத்து, வயலில் எட்டு பத்து இடத்தில் போட்டு எண்ணி, சராசரியை நான்கால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு வந்துவிடும். இங்கே கோடையில் ஆட்டுக்கிடை போடுவார்கள். எத்தனை ஆடு, எத்தனை இரவு என்று கேட்டு, உலர் எருவாகக் கணக்கிட்டு அங்கக உரமாகக் கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் தழைச்சத்துப் பஞ்சத்தில் பயிர் மஞ்சளித்து நிற்கும், கணினியில் மட்டும். கண்மாய்த் தண்ணீர் கிடைத்த வயலுக்கு அந்தத் தேதிகளைப் பாசனமாகச் சேருங்கள்.

ஓட்டத்தை விதைப்பு நாளில் தொடங்க வேண்டாம். மே மாதமே, மண் வாடல் நிலைக்கு அருகில் இருப்பதாகத் தொடங்குங்கள். கோடை மழையும் ஆடி மழையும் மண்ணில் விட்டுப்போன ஈரத்தை மாதிரியே கணக்கிட்டுக்கொள்ளும்.

முதல் ஓட்டமும் 2016 சோதனையும்

2016-ஐ எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டில் மழை 62 சதவீதம் குறைந்தது. அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. என் முதல் ஓட்டத்தில் அந்த வருடத்துக்கு ஹெக்டேருக்கு ஐந்து டன்னுக்கும் மேல் நெல் விளைந்திருந்தது. இரண்டு நாள் ரகக் குணகங்களையே சுற்றிச்சுற்றித் தேடினேன். தவறு வேறு இடத்தில் இருந்தது. மென்பொருளோடு வந்த, நடவு நெல்லுக்கான ஓர் எடுத்துக்காட்டுக் கோப்பை நகலெடுத்துத் திருத்தியிருந்தேன். அதில் வரப்பு உயரமும் தேங்கு நீரும் அப்படியே கிடந்தன. கணினிக்குள் இருந்த என் வயலில் தை வரைக்கும் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது.

அன்றிலிருந்து எந்தப் புதிய வயலுக்கும் முதலில் 2016-ஐ ஓட்டுகிறேன். பயிர் சாக வேண்டும், அல்லது பதராகப் போக வேண்டும். போகவில்லையென்றால் தேங்கு நீர், வரப்பு, தானியங்கிப் பாசனம் ஆகிய மூன்று அமைப்புகளையும் தேடுங்கள். இரண்டாவதாக 2015 போன்ற பெருமழை வருடம். மூன்றாவதாக நீர்க் கணக்கு: பெய்த மழை, ஆவியானது, ஓடியது, கீழே இறங்கியது, மண்ணில் மிஞ்சியது எல்லாம் கூட்டிக் கழித்தால் சரியாக வர வேண்டும். மாதிரியின் வெளியீட்டிலேயே இது இருக்கும், நிறையப் பேர் திறந்தே பார்ப்பதில்லை.

மாதிரிக்குத் தெரியாதவை பல உண்டு. புழுதி நெல்லின் முதல் எதிரி களை, செரஸ்-ரைஸ் அதைப் பார்ப்பதில்லை. குலைநோய் தெரியாது, மயில் தெரியாது, காட்டுப்பன்றி தெரியாது, காய்ந்த நிலத்தில் இரும்புச்சத்துக் குறைந்து இலை வெளுப்பதும் தெரியாது. எனவே மாதிரி விளைச்சல் எப்போதும் வயலைவிடக் கூடுதலாக நிற்கும். அந்த இடைவெளியைக் குணகங்களைக் குறைத்து மறைக்காதீர்கள். களையெடுத்த வயல், எடுக்காத வயல் இரண்டின் அறுவடையையும் தனித்தனியே பதிவு செய்யுங்கள், இடைவெளியின் பெரும்பங்கு அங்கே தெரிந்துவிடும்.

முப்பது வருடம் ஓட்டி, மூட்டையில் சொல்லுங்கள்

இப்போது நான்கு விதைப்புத் தேதிகள், முப்பது வருடம், 120 ஓட்டங்கள். டிசாட்டில் பருவகாலப் பகுப்பாய்வு என்ற பிரிவில் ஒன்றாகவே ஓட்டலாம், சில நிமிட வேலை. பருவம் ஜனவரியைத் தாண்டுவதால், வருடத்தை விதைத்த வருடத்தின் பெயரில் குறியுங்கள், இல்லையென்றால் பட்டியல் குழம்பும்.

சராசரியைப் பார்க்காதீர்கள். ஒரு தேதியில் பாதி வருடம் மிக நன்றாகவும் பாதி வருடம் ஒன்றுமில்லாமலும் போனால் சராசரி அழகாகத்தான் இருக்கும், குடும்பம் நடத்த முடியாது. ஒவ்வொரு தேதிக்கும் விளைச்சலைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். விதை, உழவு, உரம், அறுப்புக்கூலி சேர்த்துச் செலவுக்கு ஈடாக எத்தனை மூட்டை வேண்டும் என்று அந்த ஊரில் கேளுங்கள். அதற்குக் கீழே விழுந்த வருடங்களை எண்ணுங்கள். விவசாயிக்குத் தேவை அந்த எண்ணிக்கைதான்: "இந்தத் தேதியில் போட்டால் பத்துக்கு மூன்று வருடம் கை கடிக்கும், அந்தத் தேதியில் பத்துக்கு ஐந்து."

மாதிரி தரும் விளைச்சல் ஈரமே இல்லாத உலர் எடை, ஹெக்டேருக்குக் கிலோ. 2,500 என்று காட்டினால், 0.86-ஆல் வகுத்தால் 14 சதவீத ஈரத்தில் 2,907 கிலோ. 2.47-ஆல் வகுத்தால் ஏக்கருக்கு 1,177. மூட்டை 65 கிலோ என்றால் 18 மூட்டை. மூட்டையின் எடை ஊருக்கு ஊர் மாறும், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். தேதிகளையும் தமிழ் மாதத்தில் சொல்லுங்கள்.

இந்தக் கணக்கு காகிதத்தோடு நிற்பதும் இல்லை. ஒரைசா மாதிரியையும் ராடார் செயற்கைக்கோள் படங்களையும் இணைத்து நெல் விளைச்சலை மதிப்பிடும் வேலை பயிர்க் காப்பீட்டுக்காகத் தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது, வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதில் பங்கெடுத்தது. மண்ணின் ஆழத்தைத் தவறாகக் கொடுத்த மாதிரி, இழப்பு நேர்ந்த வயலை நன்றாக விளைந்த வயலாகக் காட்டக்கூடும். இரண்டு ஏக்கர்காரருக்கு அது ஒரு வருட வருமானம். குழி தோண்டச் சொல்லி நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

அடுத்த ஆவணிக்கு முன் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. நீங்கள் தேர்ந்தெடுத்த வயலுக்குப் பக்கத்திலேயே, மரமோ கூரையோ மறைக்காத இடத்தில், ஒரு சாதாரண மழைமானியை நட்டு, தினமும் காலை எட்டரைக்குப் பார்த்து எழுத அந்த வீட்டில் ஒருவரைக் கேட்டு வையுங்கள். எங்கள் ஊரில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி எழுதுகிறாள். நோட்டில் மழைக்குப் பக்கத்தில் ஆறு கட்டங்கள் போட்டுக் கொடுத்திருக்கிறேன்: விதைத்த நாள், நனைத்த மழை, பச்சை தெரிந்த நாள், களையெடுத்த நாள், பாதிக் கதிர் வெளிவந்த நாள், அறுப்பு. போன பருவத்தில் அவள் ஏழாவதாக ஒரு கட்டத்தைத் தானே கோடு கிழித்துச் சேர்த்திருந்தாள்: "வெடிப்பு மூடிய நாள்."